கெட்ட பால் கேட்டுப் போனோம்

எங்கள் தெருப் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டே என்னிடம் கேட்பார்கள்: "மாமா, உங்க பொண்ணு டாக்டராமே, ஊசி போடுவாங்களா?" போடமாட்டாள் என்று சொன்னால், "அப்புறம் என்ன டாக்டரு?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். மருந்து கொடுத்தும் சாகாத கிருமிகளைப் பிடித்து வளர்க்கிறாள் என்று ஒருநாள் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை சைக்கிளை நிறுத்திவிட்டு, "அத எதுக்கு வளக்கறாங்க? அது என்ன கோழியா, ஆடா?" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வாசலில் நின்று சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. அதனால், பிள்ளைகளே, உங்களுக்காக உட்கார்ந்து எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். தெரியாத இடத்தில் மகளிடம் போனில் கேட்டுக்கொண்டேன்.

என் வேலை பால் வண்டி ஓட்டுவது. வீடு வாலிகண்டபுரம் பக்கம். விடிகிற நேரத்தில் கிளம்பி, அரும்பாவூர் வரைக்கும் உள்ள ஊர்களில் பால் சொசைட்டி வாசலில் நிறுத்தி, கேன்களை ஏற்றிக்கொண்டு பெரம்பலூரில் கொண்டுபோய் இறக்குவேன். இத்தனை வருடம் பால் வண்டி ஓட்டியும் எனக்கு மாடு கறக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் மாடு இருந்ததில்லை. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். அடுத்தவர் மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டுக் கட்டாகக் கொண்டுபோய்ப் போடுவார்கள். புல்லைக் கொல்லைப் பக்கம் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மாட்டுக்கொட்டகைக்குள் என்ன நடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாத சங்கதி.

மகள் கிருமிகளைப் பற்றிய படிப்பை எடுத்தாள். நுண்ணுயிரியல் என்று பெயர். திருச்சியில் பட்டப்படிப்பு முடித்து, மேற்படிப்பு முடித்து, அங்கேயே ஆராய்ச்சிக்கும் சேர்ந்தாள். என்ன ஆராய்ச்சி என்று அவள் அம்மா கேட்டபோது, கறவை மாட்டுக்கு மடி வீங்கும் நோய் வருகிறதே, அதற்கு ஊசி போட்டும் சில மாடுகளுக்கு ஏன் குணமாகவில்லை என்பதைத்தான் பார்க்கப் போகிறேன் என்றாள்.

"மருந்து சரியில்லாம இருக்கும்," என்றாள் என் மனைவி.

"மருந்து நல்ல மருந்துதாம்மா. கிருமிதான் மாறிடுச்சு. நம்ம பக்கம் பருத்திக்கு மருந்தடிச்சாங்கல்ல, மொதல்ல காய்ப்புழு செத்துச்சு. அடிக்க அடிக்க அப்புறம் என்ன ஆச்சு?"

"மருந்துலயே குளிச்சிட்டுப் போவுது இப்பல்லாம்."

"ஏன் அப்படி ஆச்சு? அடிச்ச மருந்துல செத்தது செத்துப்போச்சு. தாங்கினது ஒண்ணு ரெண்டு பொழச்சிக்கிச்சு. அதுங்க போட்ட குஞ்சு பூரா தாங்குற குஞ்சு. கிருமியும் அப்படித்தான். அரைகுறையா ஊசி போட்டு நிறுத்துனா, தாங்குறதுதான் மிஞ்சும். அதே கிருமி மனுசனுக்கு வந்துச்சுன்னா டாக்டர் எந்த மருந்தைக் குடுப்பாரு?"

இந்த விளக்கம் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. பருத்தி வயலில் மருந்தடித்தவர்களுக்கு இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது.

அவளுக்கு வேண்டியது நோய் வந்த மாட்டின் பால். எந்தெந்த வீட்டில் மடி வீங்கிய மாடு இருக்கிறது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிடுவார். கறக்கிற நேரமோ விடிகாலை. அத்தனை ஊருக்கும் ஒரே நேரத்தில் அவளால் போக முடியாது. என் வண்டி எப்படியும் அந்த வழியாகப் போகிற வண்டிதானே. அதனால் இப்படி ஏற்பாடு செய்தோம்: முதல் நாள் மாலை அவள் போய் வீட்டுக்காரர்களிடம் மூடிபோட்ட சின்னக் குப்பியும் மருந்துப் பஞ்சும் கொடுத்து, வீங்கிய காம்பைத் துடைத்துவிட்டு, முதல் பீச்சைக் கீழே விட்டு, அடுத்ததைக் குப்பியில் பிடியுங்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். மறுநாள் காலை அவர்கள் குப்பியை சொசைட்டிக்குக் கொண்டுவருவார்கள். நான் வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்து பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவளிடம் கொடுப்பேன். அவள் திருச்சி பஸ் ஏறிவிடுவாள். குப்பியைக் கொடுக்கும்போது எல்லாரும் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். "பாப்பாவுக்குப் பத்திரமா குடுங்க டிரைவரே" என்பார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாலை ஒரு சொட்டு எடுத்து, கூழ் மாதிரி ஒன்றை உறையவைத்த தட்டில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைப்பார்கள். பாலில் கிருமி இருந்தால் மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். மகள் கொண்டுபோன பாலில் ஒன்றுமே முளைக்கவில்லை. ஒரு தட்டு, இரண்டு தட்டு காலியாக வருவது வழக்கம்தானாம். இவளுக்கு வாரா வாரம் தட்டெல்லாம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. வெயிலில் கெட்டுவிட்டதோ என்று ஐஸை மாற்றினோம். கூழ் சரியில்லையோ என்று அதை மாற்றினாள். ஒன்றும் ஆகவில்லை.

அவளுக்கு மேலே இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். ஆனால் அவரும் எத்தனை நாள் பொறுப்பார்? மழைக்காலம் முடிவதற்குள் கிருமி கிடைக்கவில்லை என்றால் தலைப்பை மாற்றிவிடலாம், வேறு ஏதாவது சுலபமானதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். தலைப்பு மாறினால் செய்த வேலையெல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்கள் சொந்தக்காரர்கள் அதற்காகவே காத்திருந்தார்கள். என் மைத்துனர் வந்து, "படிச்ச வரைக்கும் போதும் மாமா, மாப்ள வீட்டுக்காரங்க மாட்டு நோய்க்காகவா காத்துக்கிட்டு இருப்பாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் மகள் வீட்டுக்கு வந்தால் சரியாகச் சாப்பிடமாட்டாள். எனக்கு வேறு ஒரு நினைப்பு வந்து உள்ளே உட்கார்ந்துகொண்டது. நம் வீட்டுப் பெண் தங்கள் மாட்டைப் பற்றி எழுதுவது பால் கொடுக்கிறவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேராகச் சொல்லாமல், ஏதோ ஒரு பாலைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள். என் அப்பா எந்த வீட்டுக் கொல்லையோடு திரும்பி வந்தாரோ, அந்த வீடுகளில் சிலவும் குப்பி கொடுத்த வீடுகளில் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை.

ஒருநாள் மகளிடம் சொல்லியும்விட்டேன். "விட்டுடும்மா. அவங்க குடுக்க மாட்டாங்க. வேற தலைப்பு பாரு."

"அப்பா, மாட்டுக்கு நோய்னு டாக்டர் சொல்றாரு. குப்பியில வர்றது நல்ல பால். அது வரைக்கும்தான் நமக்குத் தெரியும். ஏன் குடுக்குறாங்கன்னு நாம யாருமே கேக்கலயே. கேட்டுட்டு விடுவோம்."

மறுநாள் அவளும் என் வண்டியில் ஏறிக்கொண்டாள். அரும்பாவூர் பக்கத்தில் ஒரு வீடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்த்தார்கள். கொஞ்சம் மக்காச்சோளம், கொஞ்சம் சின்ன வெங்காயம், இரண்டு கறவை மாடு. அதில் செவலைப் பசுவுக்கு மடி வீங்கிப் பல நாளாயிற்று. ஊசி போட்டும் கேட்கவில்லை என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அந்த வீட்டிலிருந்து வந்த குப்பியில் ஒன்றும் முளைத்ததில்லை.

நாங்கள் போனபோது அந்த அம்மா செவலையிடம் உட்கார்ந்திருந்தார். வீங்கிய காம்பை மெதுவாகப் பீய்ச்சி ஒரு பழைய சட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். பால் திரித்திரியாக, லேசாகச் சிவப்பு ஓடி வந்தது. அதைக் கொண்டுபோய் யார் காலும் படாத வேலியோரத்தில் ஊற்றினார். கையைக் கழுவினார். பிறகு இடுப்பிலிருந்து மகள் கொடுத்த குப்பியை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற கறுப்பு மாட்டிடம் போய் உட்கார்ந்தார். எங்களை அப்போதுதான் பார்த்தார்.

"அடடே, பாப்பாவா! இரு இரு, ஒனக்குத்தான் புடிக்கிறேன்."

"பெரியம்மா, எனக்கு அந்த மாட்டுப் பால்தானே வேணும்னு சொன்னேன்?"

"எது, செவலையோடதா?" அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா, அது சீழும்மா. அதப் போயி ஒன் கையில குடுப்பேனா நானு?"

"அதுதான் பெரியம்மா எனக்கு வேணும்."

"நல்லா இருக்கே நீ கேக்கறது! கெட்டுப்போன பாலை ஒருத்தர் கையில குடுக்கலாமா? அதுவும் கல்யாணம் ஆவாத புள்ள கையில? அந்தப் பாவம் எங்களை விடாது. மாட்டுக்கும் ஆவாது. இங்க எந்த வூட்டுலயும் குடுக்க மாட்டாங்க, கேட்டுப் பாரு."

அவர் புருஷன் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே சொன்னார்: "ஒனக்குக் குடுக்கறதுக்குன்னே கறுப்பிக்கு ரெண்டு நாளா புண்ணாக்கு சேத்துப் போடறா. பால் தண்ணியா இருந்தா பாப்பா மார்க்கு கொறஞ்சிடுமாம். எனக்குக் காப்பியில தண்ணிதான்."

"நீ சும்மா கெட" என்றார் அந்த அம்மா.

மகள் சிரித்தேவிட்டாள். நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். இத்தனை வாரமாக அந்த வீடுகளின்மேல் நான் என்னென்ன நினைத்துக்கொண்டிருந்தேன்! அவர்களோ இருக்கிற மாடுகளில் எது நல்ல மாடு என்று பார்த்து, அதில் கறந்து கொடுத்திருக்கிறார்கள். மாடு வைத்திருக்கிறவர்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் இருப்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. மாடு இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆனால் காரணம் தெரிந்ததால் மட்டும் பால் கிடைத்துவிடவில்லை. மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். பருத்திப் புழுக் கதையையும் சொன்னாள். எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று கண்டுபிடித்தால் செவலைக்கே நல்லது என்றாள். அந்த அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, "நீ சொல்றதெல்லாம் சரிம்மா. ஆனா என் கையால குடுக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு சொசைட்டிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போகலாம் என்று மகளைப் பார்த்தேன். அவள் துப்பட்டாவை இழுத்துச் செருகினாள்.

"சரி பெரியம்மா. நீங்க குடுக்க வேணாம். நானே கறந்து எடுத்துக்கட்டுமா?"

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். அவர் வைக்கோலைக் கீழே போட்டார். அந்த அம்மாதான் கேட்டார்: "கறக்கத் தெரியுமா ஒனக்கு?"

"மாட்டு டாக்டர்கிட்ட கத்துக்கிட்டிருக்கேன். சுமாரா வரும்."

"சுமாராவா? ஒதச்சா பல்லு போயிடும்டி," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுந்து செவலையின் தலைப்பக்கம் போனார். "வா, உள்ள வா. செருப்ப அங்கயே விடு."

அவர் மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காதுக்குப் பக்கத்தில் ஏதோ பேசினார். மகள் கீழே குந்தி, மருந்துப் பஞ்சால் காம்பைத் துடைத்தாள். செவலை ஒருமுறை காலைத் தூக்கியது. "ஏய், நம்ம புள்ளதான். நில்லு" என்றார் அந்த அம்மா. நின்றது. முதல் பீச்சைத் தரையில் விட்டு, அடுத்ததைக் குப்பியில் பிடித்தாள். அந்த நேரம் அந்த அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்த்தால் கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மூடி போடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

பிறகு மகளுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். கறுப்பி பாலில் காப்பி போட்டு எங்கள் இருவருக்கும் கொடுத்தார். நான் வெளியே நின்று குடிக்கப் பார்த்தேன். "ஏன் வாசல்ல நிக்கிறீங்க, உள்ள வந்து ஒக்காருங்க டிரைவரே" என்றார் அவர் புருஷன். உட்கார்ந்து குடித்தேன். அன்றைக்கு சொசைட்டிகளில் எல்லாரிடமும் தாமதத்துக்குத் திட்டு வாங்கினேன். ஒரு திட்டும் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் நான் பெரம்பலூருக்கு வெளியே வரும்போது போன் அடித்தது. வண்டியை டீக்கடை ஓரமாக நிறுத்தினேன்.

"அப்பா! வளந்திருக்குப்பா! தட்டு பூரா!"

நான் "வளந்திருச்சா!" என்று கத்திவிட்டேன். டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வூட்டுல விசேஷமா? பேரன் பொறந்துட்டானா?" என்றார்.

"இல்லண்ணே, கிருமி வளந்திருக்கு."

அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒரு நோய்க் கிருமி பிழைத்துக் கிடந்ததற்காகக் கையெடுத்துக் கும்பிட்டவன் அன்றைக்கு அந்த ரோட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கிருமியைப் புதுத் தட்டில் தடவி, ஒவ்வொரு மருந்திலும் நனைத்த குட்டிக் குட்டிக் காகித வட்டங்களை அதன்மேல் வைத்தாள். மருந்து கேட்டால் வட்டத்தைச் சுற்றிக் கிருமி செத்து இடம் தெளிந்திருக்கும். செவலைக்கு அதுவரை போட்டுக்கொண்டிருந்த மருந்தின் வட்டத்தை ஒட்டியே கிருமி வளர்ந்திருந்தது, ஒட்டிக்கொண்டு நிற்கிற பாசி மாதிரி. வேறு ஒரு மருந்தைச் சுற்றி மட்டும் நல்ல தெளிவான வளையம். மகள் அதைக் கால்நடை மருத்துவரிடம் சொன்னாள். அவர் ஊசியை மாற்றினார். பாதியில் நிறுத்தக் கூடாது, வீக்கம் வற்றினாலும் சொன்ன நாள் வரைக்கும் போட்டே ஆகவேண்டும் என்றார். செவலை பிழைத்தது. அந்த ஒரு காம்பு மட்டும் வற்றிப்போனது. அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மகளுக்கு அதில் வருத்தம். அந்த அம்மாதான், "மூணு காம்புல கன்னுக்கும் இருக்கு, எங்களுக்கும் இருக்கு. போ, போயி மத்த வூட்டையும் பாரு" என்று அவளை அனுப்பினார்.

மற்ற வீடுகளுக்கும் அவரே சொல்லிவிட்டிருந்தார். "கேட்டா குடுக்காதீங்க. அதுவே வந்து எடுத்துக்கும்" என்று சொன்னாராம். மழைக்காலம் முடிகிறவரை மகள் என் வண்டியில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள். ஒரு நாளைக்கு ஒரு வீடு, இரண்டு வீடு. அவள் உள்ளே போவாள். வீட்டுக்காரர்கள் மாட்டைப் பிடித்துக்கொள்வார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எல்லா வீடும் அப்படித் திறந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். நான் முதலில் நினைத்த காரணத்துக்காகவே கதவைத் திறக்காத வீடும் இருந்தது. அந்த வீட்டைத் தாண்டி வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். திறந்த வீடுகள்தான் அதிகம். தட்டுகள் நிறைந்தன. தலைப்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அடுத்த வருடம் மீன்சுருட்டி பக்கமும் போய் எடுத்தாள். அங்கேயும் முதல் வேலையாக, "நானே கறந்துக்கறேன்" என்றுதான் சொன்னாளாம்.

ஆராய்ச்சி முடிந்ததும் டாக்டர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு நடக்கும். அதை யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து கேட்கலாம். நானும் என் மனைவியும் திருச்சிக்குப் போனோம். அரும்பாவூர்த் தம்பதியும் வந்தார்கள். அந்த அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தார். அவர் புருஷன் வேட்டி மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் திரையில் படம் காட்டிப் பேசினாள். பெரும்பாலும் இங்கிலீஷ். எங்கள் நான்கு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நடுவில் செவலையின் படம் வந்தது.

"ஏய், நம்ம மாடு!" என்றார் அவர் புருஷன். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மா அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

தேர்வு முடிந்து பட்டம் கிடைத்துவிட்டது என்று பேராசிரியர் அறிவித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். என் மனைவி அழுதாள். மகள் நேராக எங்களிடம் வந்தாள். அந்த அம்மா அவள் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். "இனிமே ஒன்னை டாக்டரம்மான்னுதான் கூப்புடணுமா?" என்று அவர் புருஷன் கேட்டார். "கூப்புட்டா திரும்ப மாட்டேன்" என்றாள் மகள்.

இப்போது அவள் மனிதர்களுக்கு வருகிற கிருமிகளையும் சேர்த்து ஆராய்கிறாள். அவளிடம் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். எனக்கு அதெல்லாம் முழுதாகப் புரியாது. அந்த விடிகாலையில் ஒரு கொட்டகையில் எங்களை உள்ளே வரச் சொன்னவர்களை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளே, அவளுக்குப் பட்டம் கொடுத்தவர்களுக்கு நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேனோ, அந்த இருவருக்கும் அவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களிடம் அதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. சொன்னால் அந்த அம்மா திட்டுவார்.

தேர்வு முடிந்து மாலை பெரம்பலூர் பஸ் ஏறினோம். பெண்கள் இருவரும் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார்கள். எனக்குப் பக்கத்தில் அந்த அம்மாவின் புருஷன் உட்கார்ந்தார். சமயபுரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். தலை சாய்ந்து சாய்ந்து கடைசியில் என் தோளில் வந்து நின்றது. கண்டக்டர் டிக்கெட் கேட்டு அவரை எழுப்பப் போனார். நான் விரலை வாயில் வைத்துக் காட்டிவிட்டு, நான்கு பேருக்கும் சேர்த்து நானே டிக்கெட் வாங்கினேன். பெரம்பலூர் வரும்வரை தோளை அசைக்கவில்லை.